கார் பிரியர்களில் எத்தனை வகை?

அமெரிக்காவில் அறிவியல் ஆசிரியராக இருந்த இர்வ் கார்டன், 1966இல் ஒரு சிவப்பு வால்வோ பி1800 காரை வாங்கினார். தினமும் வேலைக்குப் போனதும் அதில்தான், விடுமுறையில் நாடு சுற்றியதும் அதில்தான். 2013இல் அந்தக் கார் 30 லட்சம் மைலைத் தொட்டது. கிலோமீட்டரில் சொன்னால் ஏறத்தாழ 48 லட்சம். ஒரே உரிமையாளர் ஒரே காரில் ஓட்டிய தூரத்துக்கான கின்னஸ் சாதனை அவருடையது. இத்தனைக்கும் அவர் பந்தய வீரர் இல்லை, காரில் பெரிய மாற்றம் எதுவும் செய்தவரும் இல்லை. தயாரிப்பாளர் தந்த கையேட்டில் சொன்னபடி உரிய நேரத்தில் ஆயில் மாற்றினார், பழுது வருவதற்கு முன்பே பாகங்களைக் கவனித்தார். அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிர்முனையில் இன்னொரு கார். 1955இல் மெர்சிடிஸ் பென்ஸ் இரண்டே இரண்டு உருவாக்கிய 300 எஸ்எல்ஆர் ஊலன்ஹாட் கூப்பே. அதில் ஒன்று 2022இல் 13.5 கோடி யூரோவுக்கு ஏலம் போனது. அதற்கு முன் எந்தக் காருக்கும் யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. அதை வாங்கியவர் தினமும் வேலைக்கு எடுத்துப் போகப்போவதில்லை.

இருவரையும் நாம் ‘கார் பிரியர்’ என்ற ஒரே சொல்லால்தான் அழைக்கிறோம். புதிதாக இந்த உலகத்துக்குள் வருபவர்களைக் குழப்புவது இதுதான். ஒருவர் “பழைய பெயின்ட்டைத் தொடாதே” என்கிறார். இன்னொருவர் “முதலில் எக்ஸாஸ்டை மாற்று” என்கிறார். மூன்றாமவர் “இதெல்லாம் வேண்டாம், நல்ல டயர் போட்டு ஓட்டு” என்கிறார். மூவரும் விஷயம் தெரிந்தவர்கள்தான், மூவர் சொல்வதும் அவரவர் அளவில் சரிதான்.

எந்தக் கார் பிரியரையும் புரிந்துகொள்ள நான் பயன்படுத்தும் கேள்வி ஒன்று உண்டு. காரின் விலையையோ வேகத்தையோ கேட்க வேண்டாம். கார் எந்த நிலையில் இருக்கும்போது இவருக்கு மனம் நிறைகிறது என்று பாருங்கள். ஓடும்போதா, நிற்கும்போதா, பாகம் பாகமாகப் பிரிந்து கிடக்கும்போதா? இந்தப் பதில் கிடைத்துவிட்டால், அவர் எதற்குப் பணம் செலவழிக்கிறார், எதைக் கண்டு கொதிக்கிறார் என்பதெல்லாம் தானாகப் புரியும்.

ஓட்டுவதற்காகவே வாழ்பவர்கள்

எண்ணிக்கையில் அதிகம் தெரியும் கூட்டம் இது. ஆனால் இவர்கள் எல்லோரும் வேகப் பைத்தியங்கள் என்று நினைப்பது தவறு. இவர்கள் தேடுவது காருடன் நடக்கும் ஓர் உரையாடலை. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் முன்சக்கரங்கள் சாலையைப் பற்றி என்ன சொல்கின்றன, பிரேக்கை அழுத்தியதும் எடை எப்படி முன்னால் சாய்கிறது, கியரைக் குறைத்ததும் எஞ்சின் எப்படி எழுகிறது என்று ஒவ்வொன்றையும் கையிலும் காலிலும் முதுகிலும் உணர்வதுதான் அவர்களுக்கு இன்பம்.

இதற்குச் சிறந்த சான்று மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989இல் இந்த இரண்டு இருக்கைக் கார் வெளிவந்தபோது அதன் எஞ்சினுக்கு சுமார் 115 குதிரைத்திறன்தான். காகிதத்தில் பார்த்தால் சாதாரணம். ஆனால் எடை ஒரு டன்னுக்கும் குறைவு, அந்த எடையும் முன்னும் பின்னும் ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரிந்திருந்தது, விசை பின்சக்கரங்களுக்குப் போனது. இதனால் கிடைத்த பலன் என்னவென்றால், டயரின் பிடி நழுவத் தொடங்கும் எல்லை எங்கே இருக்கிறது என்பதை மிதமான வேகத்திலேயே ஓட்டுநர் உணர முடிந்தது. 500 குதிரைத்திறன் காரில் அந்த எல்லையைத் தொட வேண்டுமானால் ஆபத்தான வேகத்துக்குப் போக வேண்டும். எம்எக்ஸ்-5 இதுவரை 10 லட்சத்துக்கும் மேல் தயாராகி, இரண்டு இருக்கைத் திறந்த கார்களில் உலகிலேயே அதிகம் விற்றது என்ற பெயரைப் பெற்றிருக்கிறது.

இவர்களில் பலர் ஒரு கட்டத்தில் பந்தயத் தடத்துக்குப் போய்ச் சேர்வார்கள். ‘டிராக் டே’ என்பது போட்டி இல்லை என்பதைப் புதியவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே முதல் இடம், இரண்டாம் இடம் எதுவும் கிடையாது. அனுபவத்துக்கு ஏற்பக் குழுவாகப் பிரித்து, பொதுவாகப் பதினைந்து இருபது நிமிடத் தவணைகளில் தடத்தில் ஓடவிடுவார்கள். முந்திச் செல்வதற்கும் குறிப்பிட்ட இடங்கள், முன்னால் போகிறவரின் சைகை என்று விதிகள் உண்டு. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் வடக்குச் சுற்று இவர்களுடைய கனவுத் தடம். 1927இல் திறந்த அந்தப் பாதை ஒரு சுற்றுக்கு 20.8 கிலோமீட்டர், 70க்கும் மேற்பட்ட வளைவுகள். பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாட்களில், சாலையில் ஓட அனுமதி பெற்ற காரும் உரிமமும் இருந்தால் கட்டணம் கட்டி உள்ளே போகலாம்.

தடத்துக்கு முதல்முறை போகிறவர்கள் எஞ்சினைப் பற்றியே யோசிப்பார்கள். உண்மையில் முதலில் கைவிடுவது பிரேக்தான். பிரேக் ஆயில் காலப்போக்கில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். தடத்தில் மீண்டும் மீண்டும் கடுமையாகப் பிரேக் அடிக்கும்போது அந்த வெப்பத்தை எட்டுவது எளிது. ஆயில் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டானால் பெடல் தரைவரை போகும், கார் நிற்காது. ஆகவே பழகியவர்கள் தடத்துக்குப் போகும் முன் வேறு எதைச் செய்யாவிட்டாலும் பிரேக் ஆயிலை மாற்றிவிடுவார்கள்.

நேர்கோட்டில் ஓடும் ‘டிராக்’ (drag) பந்தயக்காரர்கள் தனி ரகம். தூரம் கால் மைல், அதாவது சுமார் 402 மீட்டர். பார்ப்பதற்கு ஆக்சிலரேட்டரை அழுத்தினால் போதும் என்று தோன்றும். விளக்கு மாறியதும் எவ்வளவு விரைவில் கிளம்புகிறோம், சக்கரம் சுழன்று வீணாகாமல் எவ்வளவு விசையைத் தரைக்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் வித்தை முழுக்க. இதில் ஒரு போட்டி முறை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒவ்வொருவரும் தன் கார் எத்தனை விநாடியில் தூரத்தைக் கடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மெதுவான காரை அந்த வித்தியாசத்துக்கு ஏற்ப முன்னதாகக் கிளப்பி விடுவார்கள். சொன்ன நேரத்தைவிட வேகமாக ஓடினால் தோல்வி. இந்த முறையில் குடும்பக் கார் ஒன்று அசுர எஞ்சின் காரை வெல்ல முடியும். தன் காரை யார் துல்லியமாக அறிந்திருக்கிறாரோ அவருக்கே வெற்றி.

டிரிஃப்ட் ஓட்டுபவர்களுக்கு நேரமே கணக்கு இல்லை. பின்சக்கரங்களின் பிடியை வேண்டுமென்றே உடைத்து, கார் பக்கவாட்டில் வழுக்கும்போது ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி, ஆக்சிலரேட்டரால் அந்த வழுக்கலைப் பிடித்து வைப்பது இந்தக் கலை. ஜப்பானின் மலைப்பாதைகளில் வளர்ந்த இதைப் பந்தய வீரர் கெய்ச்சி சுச்சியா உலகறியச் செய்தார். போட்டிகளில் கோணம், பாதை, வேகம், பாணி ஆகியவற்றுக்கு நடுவர்கள் மதிப்பெண் தருவார்கள்.

ஓட்டும் இன்பம் எதுவானாலும் ஒரு விஷயத்தில் எனக்குச் சமரசம் இல்லை. பொதுச்சாலையில் பந்தயம் விடுவது இந்த ஆர்வத்தின் ஒரு வகை ஆகாது. எதிரே வருகிறவர் அந்தப் போட்டிக்குச் சம்மதம் கொடுக்கவில்லை. அமெரிக்காவில் வாலி பார்க்ஸ் 1951இல் என்எச்ஆர்ஏ என்ற தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கியதற்கு முக்கியக் காரணமே, தெருவில் நடந்துகொண்டிருந்த பந்தயங்களை விதிகளும் பாதுகாப்பும் உள்ள தடங்களுக்குக் கொண்டுபோவதுதான்.

ஆஃப்ரோடு பிரியர்களிடம் போனால் வேகத்தின் பொருளே மாறிவிடும். பாறை ஏறும்போது நடக்கும் வேகத்தைவிட மெதுவாகப் போவதுதான் அங்கே திறமை. மணலில் இறங்கும் முன் டயரின் காற்றைக் குறைப்பார்கள். தரையைத் தொடும் பரப்பு கூடி, சக்கரம் புதையாமல் மேலே மிதந்தபடி போகும். ஒரு சக்கரம் அந்தரத்தில் சுழன்றால் விசையெல்லாம் அதன் வழியே வீணாகும் என்பதால், இருபக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலைப் பூட்டும் வசதியைப் பெரிதாக மதிப்பார்கள். வண்டியில் சேறும் கீறலும் இருப்பது அவர்களுக்குக் குறை இல்லை.

கையில் கிரீஸ் படிந்தவர்கள்

இன்னொரு கூட்டம் உண்டு. இவர்களுடைய கார் பெரும்பாலும் ஓடாது. ஜாக்கின் மேல் ஏறி, பானெட் திறந்து, எஞ்சின் வெளியே வந்து, போல்ட்டுகள் சின்னச் சின்ன டப்பாக்களில் பெயர் எழுதி அடுக்கப்பட்டு இருக்கும். வெளியாட்கள் “எப்போது முடியும்?” என்றுதான் கேட்பார்கள். இவர்களுக்கோ முடிவதில் பாதி மகிழ்ச்சிதான். ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்று நாட்கணக்கில் தேடி, தேய்ந்துபோன ஒரு புஷ்ஷைக் கண்டுபிடிக்கும் அந்த நொடிக்கு ஈடாக அவர்களுக்கு வேறு எதுவும் இல்லை.

இவர்கள் பழைய கார்களை விரும்புவதற்கு ஏக்கம் மட்டும் காரணம் இல்லை. கார்புரேட்டர் இருக்கும் எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் கலப்பதைக் கண்ணால் பார்த்து, ஒரு ஸ்க்ரூடிரைவரால் திருத்த முடியும். காரணமும் விளைவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. புதிய கார்களில் அந்த வேலையைக் கணினி செய்கிறது. அதனால் ஆர்வம் செத்துவிட்டது என்று சொல்ல முடியாது. அமெரிக்கா 1996 முதல் எல்லாப் புதிய கார்களிலும் ஓபிடி-2 என்ற பொதுவான சோதனை இணைப்பைக் கட்டாயமாக்கிய பிறகு, சிறு கருவி ஒன்றைச் செருகி எஞ்சினின் குறைகளை யாரும் படிக்க முடிந்தது. இன்று ஒரு தலைமுறை ஸ்பேனரோடு மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போகிறது.

இந்தக் குணத்துக்கு வயது அதிகம். 1888இல் பெர்தா பென்ஸ் தன் கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர வண்டியில், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு, மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பினார். 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். எரிபொருளை ஒரு மருந்துக்கடையில் வாங்கினார். பிரேக் கட்டை தேய்ந்தபோது அதற்குத் தோல் பட்டை அடிக்க வைத்தார். முதல் நெடுந்தூரக் கார் பயணத்தை மேற்கொண்டவர், வழியிலேயே பழுது பார்த்த முதல் ஆளும் ஆனார்.

மாற்றியமைப்பவர்கள், மாற்றக் கூடாது என்பவர்கள்

கார் உலகத்தின் ஓயாத சண்டை இங்கேதான் இருக்கிறது.

மாற்றியமைப்பவருக்கு, தொழிற்சாலையிலிருந்து வரும் கார் ஒரு தொடக்கம். சஸ்பென்ஷனைத் தாழ்த்துவார், டர்போ சேர்ப்பார், வேறு காரின் எஞ்சினைப் பொருத்துவார். சிலர் வெளித்தோற்றத்தில் ஒன்றையும் தொடாமல், உள்ளே மட்டும் பலம் ஏற்றிச் சாதுவாக நிறுத்திவைப்பார்கள். அவர்கள் வட்டத்தில் அதற்கு ‘ஸ்லீப்பர்’ என்று பெயர்.

இந்த மாற்றங்கள் வெறும் அலங்காரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்கள் வளர்த்த லோரைடர் மரபைப் பாருங்கள். மற்ற இளைஞர்கள் காரை வேகமாக்கிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் காரைத் தரையோடு தாழ்த்தி, பளபளக்கும் வண்ணம் பூசி, மிக மெதுவாக ஊர்வலம் போனார்கள். கலிபோர்னியா அரசு 1958இல் காரின் எந்தப் பாகமும் சக்கர விளிம்பின் அடிப்பகுதியைவிடத் தாழ்வாக இருக்கக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே ரான் அகிரே என்பவர் தன் கார்வெட் காரில் ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்தினார். சுவிட்சைத் தட்டினால் கார் சட்டத்துக்கு உட்பட்ட உயரத்துக்கு எழும், மறுபடி தட்டினால் தாழும். பின்னாளில் கார்களைக் குதிக்கவே வைத்த அந்தத் தொழில்நுட்பம் இப்படித்தான் வந்தது. 2024 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தால் கலிபோர்னியாவில் அந்த உயரத் தடையும், ஊர்வலம் போவதற்கு நகரங்கள் விதித்திருந்த தடைகளும் நீங்கின. ஒரு சமூகம் தன் அடையாளத்தைக் காரில் எழுதி, அதற்காக அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாதாடியது.

பாதுகாப்பவரின் மனம் வேறு. அவருக்குக் கார் ஓர் ஆவணம். சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் தொழிற்சாலைப் பதிவோடு பொருந்துகின்றனவா, இருக்கைத் துணி அந்த ஆண்டுக்கு உரியதா, போல்ட்டின் தலையில் இருக்கும் முத்திரைகூட அசல்தானா என்று பார்ப்பார். ஃபெராரி 250 ஜிடிஓ 1962 முதல் 1964 வரை மொத்தம் 36 தான் தயாரானது. அப்படிப்பட்ட காரில் ஒரு துளை போட்டாலும் அது வரலாற்றில் போட்ட துளை என்பது அவர் வாதம். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் இவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. ஒரு தரப்பு பழைய காரை முழுதாகப் பிரித்து, தொழிற்சாலையிலிருந்து அன்று வந்ததுபோலப் புதுப்பிக்கும். இன்னொரு தரப்பு மங்கிய பெயின்ட்டையும் வெடித்த தோல் இருக்கையையும் அப்படியே விட்டுவைக்கும். புதுப்பித்தலைத் திரும்பச் செய்யலாம், ஆனால் அசல் ஒருமுறைதான் அசல் என்பது இவர்கள் நிலைப்பாடு. நான் இந்த இரண்டாம் தரப்பின் பக்கம். நல்ல நிலையில் தப்பிப் பிழைத்த பழைய பெயின்ட்டைச் சுரண்டி எறிவதை என்னால் பார்க்க முடிவதில்லை. துருப்பிடித்து ஓட்டையான கார் வேறு விஷயம், அதை மீட்டே ஆக வேண்டும்.

இவர்கள் கூடும் இடம் கான்கூர் எனப்படும் அழகுப் போட்டி. கலிபோர்னியாவின் பெபிள் பீச்சில் 1950 முதல் நடப்பது மிகப் புகழ்பெற்றது. பழைய காரை ஓட்டியே கொண்டாடுபவர்களுக்கு இங்கிலாந்தின் லண்டன் – பிரைட்டன் பயணம் இருக்கிறது. காருக்கு முன்னால் ஒரு மனிதர் நடந்து போக வேண்டும் என்ற விதியை நீக்கி, வேக வரம்பை மணிக்கு 14 மைலாக உயர்த்திய 1896ஆம் ஆண்டுச் சட்டத்தை நினைவுகூரும் பயணம் அது. 1905க்கு முன் தயாரான வாகனங்கள்தான் கலந்துகொள்ளலாம். அவற்றில் பல மலையேற்றத்தில் திணறும், வழியில் நிற்கும், மழையில் நனையும். வரிசையில் ஒன்றுகூடக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்காது.

மாற்றுபவரும் காப்பவரும் ஒருவரையொருவர் ஏசிக்கொள்வதற்குக் காரணம் எளிது. ஒருவர் காரில் அது என்னவாக ஆகலாம் என்பதை நேசிக்கிறார். மற்றவர் அது என்னவாக இருந்தது என்பதை நேசிக்கிறார். லட்சக்கணக்கில் தயாரான ஒரு காரை மாற்றியமைப்பதில் யாருக்கும் இழப்பு இல்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய காரை மாற்றும்போதுதான் யோசிக்க வேண்டும். இந்த ஓர் அளவுகோலைப் பிடித்துக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

துடைத்து மெருகேற்றுபவர்கள்

விடுமுறை நாள் முழுவதையும் காரைக் கழுவுவதில் செலவிடுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் செய்வது நுட்பமான வேலை. இன்றைய கார்களில் வண்ணத்தின் மேல் நிறமற்ற ஒரு பாதுகாப்பு அடுக்கு இருக்கிறது. அதன் தடிமன் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். தலைமுடியைவிட மெல்லியது. வெயிலில் தெரியும் வட்ட வட்டமான கீறல்கள் எல்லாம் அந்த அடுக்கில் விழுந்தவை. பாலிஷ் போட்டுக் கீறலை நீக்குவது என்றால் அந்த அடுக்கையே கொஞ்சம் தேய்த்து எடுப்பதுதான். திரும்பத் திரும்பச் செய்தால் அடுக்கே தீர்ந்துவிடும். எனவே கீறல் விழாமல் கழுவுவதில்தான் இவர்களுடைய கவனம். சோப்பு நீருக்கு ஒரு வாளி, துணியை அலசுவதற்கு இன்னொரு வாளி என்று பிரித்துக்கொள்வது அதற்காகத்தான். துணியில் ஒட்டிய மண் மறுபடி காருக்குப் போகக் கூடாது.

சொந்தக் கார் இல்லாதவர்களும் உண்டு

ஆர்வத்துக்கும் உடைமைக்கும் தொடர்பு கட்டாயம் இல்லை. 1953இல் வந்த மேட்ச்பாக்ஸ், 1968இல் வந்த ஹாட் வீல்ஸ் போன்ற சிறு கார்களைச் சேர்ப்பவர்களில் பலர் எந்தக் கதவு எந்த ஆண்டில் மாறியது என்பதுவரை அறிவார்கள். 1923 முதல் நடக்கும் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தைத் தூங்காமல் பார்ப்பவர்கள் உண்டு. வீட்டில் ஸ்டீயரிங்கும் பெடலும் பொருத்திச் சிமுலேட்டரில் ஓட்டுபவர்களை வெறும் விளையாட்டுப் பிள்ளைகள் என்று நினைப்பவர்களுக்கு ஜான் மார்டன்பரோவின் கதை போதும். 2011இல் நிசான் நடத்திய வீடியோ கேம் வழித் தேர்வில் வென்ற அவர், 2013இல் லே மான்ஸில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்த அணியில் ஓட்டினார்.

கார் வாங்கும் முன்

பெரும்பாலோர் ஒரே வகைக்குள் அடங்கமாட்டார்கள். வார நாளில் மெருகேற்றி, வார இறுதியில் தடத்தில் ஓட்டுபவர் உண்டு. ஆனாலும் எது மேலோங்கி நிற்கிறது என்று தெரியாமல் பணத்தை இறக்குவது வீண். அடிக்கடி நடப்பது இதுதான்: ஓட்டும் ஆசை உள்ளவர் அரிய பழைய காரை வாங்கிவிடுவார், பிறகு அதன் மதிப்பு குறைந்துவிடுமோ என்று பயந்து வெளியே எடுக்கவே மாட்டார். நிற்கும் காரும் கெட்டுப்போகும். பேட்டரி இறங்கும், பெட்ரோல் சில மாதங்களில் தரம் இழக்கும், டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகும். வாரத்துக்கு ஐந்து நிமிடம் எஞ்சினை நிறுத்தத்திலேயே ஓடவிடுவதும் உதவாது. ஆயில் முழுதாகச் சூடேறாததால் ஈரம் உள்ளேயே தங்கும். எடுத்தால் ஆயில் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிவிட்டு வந்து நிறுத்துங்கள்.

ஓட்டத்தான் ஆசை என்றால், எடை குறைந்த, பாகம் எளிதில் கிடைக்கும் சாதாரணக் காரை வாங்கி, மிச்சப் பணத்தை டயருக்கும் பிரேக்குக்கும் முறையான ஓட்டுநர் பயிற்சிக்கும் வையுங்கள். நெடுந்தூரம் போக ஆசை என்றால் இருக்கையில் குறைந்தது ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கழற்றி மாட்ட ஆசை என்றால் பழுதுபார்க்கும் கையேடு கிடைக்கும் மாடலைத் தேடுங்கள், அன்றாடப் போக்குவரத்துக்கு வேறு வாகனம் வைத்துக்கொள்ளுங்கள். இருக்கும் ஒரே காரைப் பிரித்துப் போட்டால் அவசரத்தில் அரைகுறையாக மாட்டித்தான் ஓட்ட வேண்டியிருக்கும். பழையதைக் காக்க ஆசை என்றால் ஓடாத கார் என்று தயங்க வேண்டாம், உறுப்புக் குறையாத காராக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எஞ்சினைச் சரிசெய்ய ஆள் கிடைப்பார். தொலைந்துபோன ஒரு குரோம் பட்டையும் அந்த ஆண்டுக்கு உரிய விளக்குக் கண்ணாடியும்தான் வருடக்கணக்கில் தேட வைக்கும்.